பாதியில் எழுந்து போனது ஏன்

என் மூத்தவனுக்கு அப்பா எழுதுவது.

நீ உன் சிந்தசைசர் பெட்டியை விற்கப் போகிறாய் என்று அம்மா நேற்றுச் சொன்னாள். அடுத்த மாதம் பெங்களூரில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிக்கும் வர முடியாது என்று சொல்லிவிடப் போகிறாயாம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அப்பாவே பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரும்மா. இனி யாருக்கு வாசிச்சு என்ன?" என்றாயாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

நீ சொன்னது உண்மைதான். உன் தங்கையின் கல்யாணத்தன்று, நீ வாசித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணைப் பெற்றவனான நான் முதல் வரிசையிலிருந்து எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனேன். மண்டபம் முழுக்கப் பார்த்தது. அதனால் என் பதிலையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுவதுதான் முறை என்று தோன்றுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. காரணத்தைச் சொல்லாவிட்டால், உன் இசை பிடிக்காமல் அப்பா போய்விட்டார் என்று நினைத்து நீ வாசிப்பதை விட்டுவிடுவாய். சொன்னால், நடந்ததைக் கேட்டு அதற்காகவே விட்டுவிடலாம். எதில் ஆபத்து குறைவு என்று பார்த்துச் செய்வதுதான் பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்டாகவும் ஃபோர்மேனாகவும் நான் பார்த்த வேலை. இந்த விஷயத்தில் அது எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

உன் இசையை நான் முதலில் கேட்டது பெங்களூரில் உன் அறையில். கண்ணைக் காட்டுவதற்காக உன்னிடம் வந்திருந்தேன். கட்டில் போக மீதி இடத்தையெல்லாம் அந்தப் பெட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. வாசிக்கும் கட்டைகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் குமிழ்கள், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குப் போகும் வண்ண வண்ண வயர்கள். ஒரு வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் சத்தத்தின் குணமே மாறியது. இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் நின்றால் அவற்றுக்கு நடுவே ஒரு துடிப்பு எழும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அதைக் காதால் கேட்டது அன்றுதான். நீ குமிழை மயிரிழை திருப்பத் திருப்ப, அந்தத் துடிப்பு வேகமாகி, மெதுவாகி, ஏதோ ஒரு பிராணி அறைக்குள் மூச்சுவிடுவது போல இருந்தது. அதன் பிறகு நமக்குள் நடந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும்.

"அடுத்து என்ன வாசிக்கப் போறே?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா? எழுதி வச்சிருப்பேல்ல?"

"எழுதி வச்சா அது வேற மியூசிக். இது அந்தந்த நேரத்துக்கு வர்றது. காதுல என்ன விழுதோ அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே போகணும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"போகும். போனா அதையும் சேத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுப் போகும்படி ஆட்களைப் பழக்கியவன் நான். நைலான் சேலை கட்டி வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பி, அவர்கள் வாயில் விழுந்தவன். அங்கே தப்பாகப் போனதைச் சேர்த்துக்கொண்டு போக முடியாது. அடுத்த நொடியில் என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதை என் மகன் தேடிப் போய் உட்கார்ந்து அனுபவிக்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காததை நான் சொல்லவும் இல்லை. "கரண்டு பில் நிறைய வருமோ?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதைத்தான் நீ என் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

பிறகு தங்கை பிடிவாதம் பிடித்தாள். கல்யாணத்துக்கு மெல்லிசைக் கச்சேரி வேண்டாம், அண்ணன் வாசிக்கட்டும் என்றாள். காலண்டர் அச்சடிக்கும் நம் சம்மந்தி பந்தக்கால் நட்ட அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க பையன் கரண்டுல வாசிப்பானாமே, சம்மந்தி? அது என்ன பாட்டு?" என்று கேட்டார். நான் பதிலுக்குத் தடுமாறியபோது உன் தாய்மாமா குறுக்கே விழுந்து, "பாட்டெல்லாம் கெடையாது. கரண்டு போச்சுன்னா கச்சேரி முடிஞ்சுது, அம்புட்டுதான்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றிலிருந்தே சரியாகத் தூக்கம் இல்லை.

முகூர்த்தம் முடிந்து, மேலே மாடியில் நீ வாசிக்க உட்கார்ந்தாய். கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. மைக்செட்காரர் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து, உனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று மேடைக்கு இருபுறமும் தரையிலேயே நிறுத்தியிருந்தார். நான் முதல் வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு சீறல் வந்தது. எங்கள் ஆலையில் அந்த மாதிரி சீறல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நகர வேண்டும் என்பது விதி. என் கால் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பின்னால் ஒரு பெண் குரல், "மிக்சியில என்னத்தையோ போட்டுட்டான் பாரு" என்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இப்போது கெட்டுவிடும், இதோ கெட்டுவிடும் என்று நான் உன் ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அடியில் ஒரு கனத்த ஒலியை விட்டு விட்டுப் போட ஆரம்பித்தாய். அதன் மேலே இரண்டு மெல்லிய ஒலிகள், ஒன்றையொன்று நெருங்கி வந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்த துடிப்பு தளர்ந்து தளர்ந்து நீண்டது. இரண்டும் எப்போது சேரும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், கெட்டுப்போகும் என்று எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறேன். முழங்காலைப் பிடித்திருந்த கையும் மடியில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் உன் மாமா பின்னாலிருந்து தோளைத் தொட்டார்.

"அத்தான், கீழ வாங்க. பந்தி எந்திரிச்சிருச்சு."

"ஏன், சாம்பார் பத்தலையா?"

"சாம்பாரா? வாங்க நீங்க மொதல்ல."

பாதிப் பந்தியில் ஆட்கள் எழுந்தால் பெண் வீட்டுக்கு மானம் போகும். அந்தப் பயத்தில்தான் எழுந்தேன். கீழே போன பிறகு விஷயம் வேறாக இருந்தது. மாடியில் நீ வாசித்த சீறலோ, அந்த மெல்லிய ஒலிகளோ அங்கே கேட்கவே இல்லை. அடியில் இருந்த கனத்த ஒலி மட்டும் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. தும் என்று ஒன்று. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு தும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. மேலே உன்னைப் பார்த்துவிட்டு வந்த நானே ஜன்னலுக்கு வெளியே புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

அந்தச் சத்தம் நம் ஊரில் எதைக் குறிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன் என்றாலும், லீவுக்கு வந்தபோது பார்த்திருப்பாய். தூரத்தில் தும் என்றால், ஏதோ ஒரு பட்டாசு ஆலை வெடித்துவிட்டது என்று தெரு முழுக்க மொட்டை மாடிக்கு ஏறும். புகை எந்தப் பக்கம், கறுப்பா வெள்ளையா என்று பார்க்கும். நான் ஆலையிலிருந்து வீட்டு போனுக்கு ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவேன். நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அந்த மணி வரும்வரை அம்மா மாடியிலிருந்து இறங்கமாட்டாள். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அப்படி ஒரு ஆள் அந்நேரம் ஏதோ ஒரு ஆலைக்குள் இருந்தார்.

"எந்தப் பக்கம்லே?"

"புதுப்பட்டிப் பக்கமாட்டும் தெரியுது."

"பொகையக் காணமே."

"ஏத்தா, எங்க வீட்டுக்காரரு போனை எடுக்க மாட்டேங்காருத்தா."

நான் கையைத் தூக்கி, "ஒண்ணும் இல்ல, உக்காருங்க. மேல என் மகன் வாசிக்கான். அந்தச் சத்தம்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமாதான் ஒரு நாற்காலியில் ஏறி நின்று அதையே கத்திச் சொன்னார். கையில் ரசம் வழிய நின்ற ஒரு பெரியவர், "கல்யாண வீட்லயுமா வெடி? ஏன் சார், உங்களுக்கு மேளக்காரன் கெடைக்கலையா?" என்றார். சிரிப்பு எழுந்தது. சிலர் இலைக்கு முன்னால் திரும்ப உட்கார்ந்தார்கள். அடுத்த தும் வந்தபோது மறுபடி எழுந்து, மாடியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு இலை மட்டும் காலியாகவே இருந்தது. சண்முகத்தாயின் இலை. நம் தெருக்கோடியில் இருப்பவள், முன்பு என் கீழ் திரி அறுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது அவள் மகள் முத்துச்செல்வி விஸ்வநத்தத்தில் அதே கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "அந்தம்மா மொதச் சத்தத்துக்கே ஓடிருச்சு, செருப்புக்கூடப் போடல. பயர் ஆபீசுக்கு, மக வேலை பாக்குற ஆலைக்குத்தான் போயிருக்கும்" என்றார் மாமா. அவள் ஓடியதில் அவளுக்கு ஆபத்தில்லை. வாசலில் நின்று கத்துவாள், அதுதான் ஆபத்து. உள்ளே ஒவ்வொரு அறையிலும் பெண்கள் மடிக்கு முன்னால் மருந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 'வெடிச்சிருச்சு' என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் ஒருத்தி தட்டோடு எழுவாள், ஒருத்தி தட்டை நழுவவிடுவாள். நழுவிய தட்டு சிமெண்டுத் தரையில் உரசினால் போதும். இல்லாத விபத்தைக் கேட்டு ஓடி, உண்மையான விபத்தை உண்டாக்கிவிடுவார்கள். ஆலைக்குள் ஓடக்கூடாது, கத்தக்கூடாது என்று சுவரில் எழுதி வைப்பது அதற்காகத்தான்.

ஆலைக்குப் போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே வந்தது. பந்தியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதே எண்ணைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா, "மேல போயி தம்பிய நிறுத்தச் சொல்லட்டா?" என்று கேட்டார். "வேண்டாம் மாப்ளே. இப்ப நிறுத்துனா நெசம்னு நெனைப்பாக" என்றேன். அது சரியான காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. மேலே அந்த இரண்டு ஒலிகளும் இன்னும் நெருங்கிக்கொண்டிருக்கும், அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இதை அன்று மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார்.

மாமாவின் பைக்கில் பட்டு வேட்டியோடு பின்னால் உட்கார்ந்து போனேன். அச்சகங்களுக்கு முன்னால் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரிகள் சாலையை அடைத்திருந்தன. மாமா ஹாரனை அழுத்தினார். ஆலை நெருங்க நெருங்க, "ஹாரன் வேண்டாம் மாப்ளே, ஹாரன் வேண்டாம்" என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே போனேன். புகை இல்லை. வானம் வெறுமையாக இருந்தது.

சண்முகத்தாய் ஆலை வாசல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கால் பெருவிரல் கிழிந்து ரத்தம். "ஏ செல்வி! செல்வீ!" என்ற அவள் குரலுக்கு, வாட்ச்மேன் உள்ளே போவதா இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நின்றார். வாசலுக்கு அருகில் இருந்த அறையின் கதவில் இரண்டு பெண்கள் வந்து நின்றிருந்தார்கள், கையில் தட்டோடு. நான் பைக்கைத் தள்ளியே நிறுத்தச் சொல்லி, நடந்தேன். ஓடவேண்டும் போல இருந்தது. ஆனாலும் நடந்தேன்.

"சண்முகத்தாயி, கத்தாத. இங்க ஒண்ணும் நடக்கல. மண்டபத்துல என் மகன் வாசிச்ச சத்தம் அது."

"பொய் சொல்லாதீக சார்! இந்தக் கேட்டுல நின்னு எந்த ஆபீசர் நெசத்தச் சொல்லியிருக்கீக?"

கதவில் நின்ற பெண்களைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினேன். அவர்களுக்கு என்னைத் தெரியும். குனிந்து, தட்டைத் தரையில் வைத்தார்கள். சத்தம் வரவில்லை. வாட்ச்மேனிடம், "முத்துச்செல்வியக் கூட்டிட்டு வாங்க. நடந்து போங்க. பேரைக் கத்திக் கூப்பிடாதீக" என்றேன். அவர் போய்த் திரும்பும்வரை சண்முகத்தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உன்னை நினைத்தேன். இங்கே ஏதாவது நடந்தால், உன் வாழ்நாள் முழுக்க நீ ஒரு சத்தத்தோடு இருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். மேலே நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருப்பாய்.

அந்தப் பெண் நடந்துதான் வந்தாள். முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி.

"ஏம்மா இங்கன வந்து கத்துதே? உள்ள அம்புட்டுப் பேரும் கை நடுங்கி உக்காந்துருக்காக. கல்யாணச் சோறு திங்கப் போனவ திங்க வேண்டியதான?"

"சோத்துல ரசத்த ஊத்துனேன்டி. தரை ஆடுச்சு."

சொல்லிக்கொண்டே கம்பிக்குள் கையை விட்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் கன்னத்தில் பட்டென்று ஒன்று வைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. உடனே திரும்பியிருக்க வேண்டும். சாலையோரப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன். "பொண்ணோட அப்பா நீங்க, அங்க தேடுவாக அத்தான்" என்று மாமா இழுத்தார். "கொஞ்சம் இரு மாப்ளே, காலு வரல" என்றேன். நாங்கள் மண்டபத்துக்கு வந்தபோது நீ வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாய்.

"எங்கப்பா போனீங்க?" என்றாய்.

"ஒரு வேலை" என்றேன்.

பக்கத்தில் நின்ற சம்மந்தி, "சம்மந்திக்குக் காது வலிச்சிருக்கும்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். வயரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அன்று மாலையே ரயிலேறிவிட்டாய். சொல்லியிருக்கலாம். உன் ஒலி ஒரு தாயை வெறுங்காலோடு ஓடவைத்தது என்று, தங்கையின் கல்யாணத்தன்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கீழே நடந்தது மேலே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மாமாவிடமும் சொல்லி வைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்காமல் விட்ட பகுதி எப்படி இருந்தது என்று அதற்குப் பிறகு எல்லோரிடமும் விசாரித்தேன். அம்மா, "நல்லாத்தான் இருந்துச்சு. எப்படின்னு சொல்லத் தெரியல" என்றாள். தங்கை, கடைசியில் அழுகை வந்தது என்றாள், ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. மைக்செட்காரர் பதிவு செய்யவில்லை. வீடியோ எடுத்தவர் சி.டி. கொண்டுவந்து கொடுத்த அன்று ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். அவர் வழக்கம்போல உண்மைச் சத்தத்தை எடுத்துவிட்டு, நீ வாசிக்கும் இடத்திலும் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருக்கிறார். உன் கை குமிழைத் திருப்புகிறது, யாரோ காதலைப் பாடுகிறார்கள். நடுவில் ஓரிடத்தில் நீ நிமிர்ந்து பார்க்கிறாய். உன் பார்வை என் காலி நாற்காலியில் வந்து நிற்கிறது. கை அப்படியே நிற்கிறது. பிறகு குனிந்து எதையோ திருப்புகிறாய். அந்த இடத்தில் என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு ஒலிகளும் சேர்ந்தனவா என்றும் தெரியாது. அதைத் திரும்ப வாசிக்க உன்னாலும் முடியாது. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

சண்முகத்தாய் கால் கட்டோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க சார். தெரியட்டும். ஆனா அடுத்த தடவ அந்தத் தம்பி வாசிச்சா எனக்குப் பத்திரிகை வைக்காதீக. பந்தி இருந்தாலும் வரமாட்டேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் அதை உனக்கு மென்மையாக்கிச் சொல்லப்போவதில்லை.

நான் எழுந்து போனதற்காகப் பெட்டியை விற்பதானால், அது தவறான தகவலை வைத்து எடுத்த முடிவு. அவளுக்காக விற்பதானால், உன்னைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. இவ்வளவுதான் சொல்வேன். வாசிக்கும் முன் யாரையாவது அந்தக் கனத்த ஒலியை அழுத்தச் சொல்லிவிட்டு, நீ கீழே இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேள். அங்கே இருப்பவர்களுக்கு உன் இசையில் எது போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொண்டு மேடைக்கு வா. ஸ்பீக்கரைத் தரையில் வைக்க விடாதே. இதெல்லாம் ஒரு ஃபோர்மேன் சொல்லக்கூடியது. இசையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பிடித்ததா என்று நீ கேட்டால், இன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன். பாதி கேட்டவன் என்ன சொல்ல முடியும்?

இன்று காலை விருதுநகர் போய், அடுத்த மாத நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பெங்களூர் வருகிற மாதிரி எனக்கும் அம்மாவுக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி உண்டா இல்லையா என்று நீ இன்னும் சொல்லவில்லை. ஒன்று நடக்குமா என்று உறுதியாகத் தெரியாமல் நான் டிக்கெட் எடுத்தது இல்லை. கவுண்டரில் நிற்கும்போதே கை வேர்த்தது. அங்கேயும் வேர்க்கும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ வாசித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

அப்பா